டயருக்குள் போன கை

டிரைவரின் மனைவிக்கு நன்றாகவே கார் ஓட்டத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் டிரைவரைத் தவிர எல்லோரும் இதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த டிரைவருக்கு வலது கையும் வலது காலும் இழுத்துக்கொண்டு, ஆள் குளியலறை வாசலிலேயே சரிந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதல் முயற்சியிலேயே லைசென்ஸ் வாங்கினாள். ஆஸ்பத்திரிக்கும் பிசியோதெரபிக்கும் அவரை ஏற்றிக்கொண்டு போய், ஏற்றிக்கொண்டு வந்தாள். அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அங்கே இல்லாத பிரேக்கை இடது காலால் மிதித்துக்கொண்டே வருவார். காலடியில் கிடந்த ரப்பர் விரிப்பில் அந்த ஒரு இடம் மட்டும் தேய்ந்து பளபளவென்று ஆகிவிட்டது.

"ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடிக்காதே," என்பார். "கோழியா பிடிச்சிருக்கே? லேசா வெச்சுக்கோ. அது உன் கைக்கு விஷயம் சொல்லும், நீ கேட்டுக்கணும்."

"என்ன சொல்லும்?"

"ரோட்டு நிலவரம் எல்லாம் சொல்லும். முன் டயரு பிடியை விடப்போகுதுன்னா, அதுக்கு முன்னாடியே ஸ்டீரிங் லேசாயிடும். காது கேக்காது, கண்ணுக்குத் தெரியாது. கைக்கு மட்டும்தான் தெரியும்."

அவள் வாய்க்குள் சிரித்துக்கொள்வாள். ஆனால் மழை விட்ட ஒரு சாயங்காலம், சிக்னலில் பிரேக் போட்டபோது, ஸ்டீரிங் அவள் கையில் சட்டென்று எடையே இல்லாமல் ஆனது. கார் தன்பாட்டுக்குக் கோட்டைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போய், குடையோடு சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு மனிதருக்கு ஒரு முழ தூரத்தில் நின்றது. அந்த மனிதர் குடையை மடக்கி, அதால் பானெட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"சொல்லுச்சா?" என்று கேட்டார் டிரைவர். அவர் முகம் வெளிறியிருந்தது.

"சொல்லுச்சு," என்றாள்.

வீட்டு வாசலில் இறங்கி இருவரும் குனிந்து பார்த்தார்கள். நான்கு டயரும் மொட்டை. தரையைப் பிடிக்கிற அந்தப் புடைப்புகளை டிரைவர்கள் பட்டன் என்பார்கள். நான்கிலும் பட்டன் இருந்த அடையாளம்கூட இல்லை. அவர் படுத்துக் கிடந்த மாதங்களில் எண்ணெய் மாற்றினாள், தண்ணீர் பார்த்தாள், கண்ணாடி துடைத்தாள். டயரைப் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. உருண்டுகொண்டிருக்கும் வரை டயரை யார் பார்க்கிறார்கள்?

டயர் மாற்றியே ஆக வேண்டும், அதுவும் திங்கட்கிழமைக்குள். திங்கட்கிழமை டிரைவர் மறுபடி வேலைக்குப் போகிறார்.

அவர் வேலை, அக்கம்பக்கத் தெருக்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விடுவது, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது. சொந்தக் கார், சொந்தச் சட்டம். ஜன்னலோர இருக்கை யாருக்கு என்று தினமும் சண்டை வரும் என்பதால், கதவை யார் சத்தமில்லாமல் சாத்துகிறார்களோ அவர்களுக்கு மறுநாள் ஜன்னல் என்று வைத்திருந்தார். நகரத்திலேயே கதவு அடிபடாத ஒரே பள்ளிக்கூடக் கார் அதுதான். அவர் விழுந்த பிறகு பிள்ளைகள் வேறு வேனில் திணிக்கப்பட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் இரட்டைப் பிள்ளைகளும் உண்டு. அவர்களுடைய அம்மா இவளைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம், "அங்கிள் எப்ப வர்றாங்கன்னு ரெண்டும் என்னை அரிச்சு எடுக்குதுங்க," என்பாள்.

அதை இவள் வந்து சொன்ன நாளெல்லாம் அவர் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடுவார். மற்ற நாட்களில் ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, போகிற வருகிற வண்டிகளின் சத்தத்தை வைத்தே எதில் என்ன கோளாறு என்று சொல்லிக்கொண்டிருப்பார். கேட்பதற்குச் சுவரைத் தவிர ஆளில்லை. அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், நாற்காலியில் அவர் காலையில் விட்ட இடத்திலேயே இருப்பார். அந்தக் காட்சிதான் அவளைத் தின்றது.

ஆனால் கை வந்துவிட்டது. டாக்டரே சான்றிதழ் கொடுத்துவிட்டார். கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினார். விரலை இறுக்கச் சொன்னார், டாக்டர் "போதும், போதும்" என்று விரலை உருவிக்கொள்ளும் அளவுக்கு இறுக்கினார். கண்ணை மூடச் சொல்லி, ஊசி முனையால் அங்கங்கே தொட்டு "தெரியுதா?" என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் "தெரியுது" என்றார்.

அவளுக்கு டாக்டரைவிடப் பெரிய சாட்சி வீட்டிலேயே இருந்தது. கொதிக்கக் கொதிக்க டீ ஊற்றிக் கொடுத்தால், மற்றவர்கள் டம்ளரைத் துணியால் பிடிப்பார்கள், இல்லாவிட்டால் கைக்குக் கை மாற்றுவார்கள். அவர் வலது கையில் வாங்கி, அப்படியே வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார். ஒரு தடவை நாத்தனார் வந்திருந்தபோது அவள் பெருமையாகக் காட்டினாள்.

"பாருங்க அண்ணி, நம்மால விரல் வைக்க முடியல. உங்க தம்பி எப்படிப் பிடிச்சிருக்காரு பாருங்க. கை முழுசா வந்துருச்சு."

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டிரைவர் டீயைக் குடித்தார்.

டயர் விஷயம் சமையலறை மேசையில் பேசப்பட்டது. அவள் கட்சி, புது டயர். நான்குக்கு வழியில்லை என்றால் இரண்டாவது.

"ரெண்டு புதுசு ரெண்டு மொட்டைன்னா கார் நொண்டிக்கிட்டுல்ல போகும்," என்றார்.

"அப்ப நாலும் புதுசு போடுவோம்."

"போடலாம். காரை வித்தா நாலு புது டயர் வாங்கிடலாம். அப்புறம் அதை எதுல மாட்டுறதுன்னு நீதான் சொல்லணும்."

"அதுக்காக யாரோ ஓட்டித் தேச்சதை வாங்கணுமா?"

"யாரோ தேச்சதைப் பாத்து வாங்கணும். பாக்கத் தெரியாதவன்தான் ஏமாறுவான்."

அதில் அவர் சொன்னது பொய்யில்லை. பழைய டயர் பார்ப்பதில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. மற்ற டிரைவர்கள் டயர் வாங்கப் போனால் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போவார்கள். வெளிப்பக்கத்தை அவர் பெரிதாகப் பார்க்க மாட்டார். கறுப்பு மை பூசினால் எந்தக் கிழட்டு டயரும் பளபளக்கும் என்பார். டயரை நிறுத்தி வைத்து, சட்டைக் கையை மடித்து, வலது கையை உள்ளே முழங்கை வரை விடுவார். கண்ணை மூடிக்கொண்டு உள்சுவரைச் சுற்றித் தடவிக்கொண்டே வருவார். ஒட்டுப் போட்ட தடம், காற்றில்லாமல் ஓட்டியதில் நைந்த இடம், உள்ளிருந்து எட்டிப் பார்க்கிற கம்பி, எதுவும் அந்தக் கைக்குத் தப்பாது.

பழைய டயர் கடைக்காரனுக்குக் குண்டூசி என்று பெயர். ஒல்லி உடம்பு, பெரிய தலை. பெயர் வைத்தவரும் டிரைவர்தான். அவர்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. டிரைவர் வந்தால் எடுத்து வைக்கிற டயர்களுக்கு நடுவில் குண்டூசி வேண்டுமென்றே ஒரு கெட்ட டயரைச் சொருகி வைப்பான். டிரைவரின் கை அதைக் கண்டுபிடிக்கும். அவர் அதைக் காலால் உதைத்து உருட்டிவிடுவார், குண்டூசி சிரித்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுப்பான். இத்தனை வருஷத்தில் குண்டூசி ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. இந்தக் கதையை அவர் சொல்லி அவள் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தாள்.

"சரி, பழசே பாருங்க," என்றாள் கடைசியில். அவர் சட்டைக் கையை மடித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். பெட்ரோல் பங்குக்குப் பின்னால், தகரக் கூரைக்கு அடியில் குண்டூசியின் கடை. முன்வரிசையில் புது டயர்கள், காகிதம் ஒட்டியபடி, மேலெல்லாம் மெல்லிய ரப்பர் முடிகளோடு நின்றன. பின்னால் பழையவை ஆள் உயரத்துக்கு அடுக்கு அடுக்காக. ரப்பர் வாசனையும் மை வாசனையும் மூக்கில் ஏறின. அவள் காரை நிறுத்தியதும், குண்டூசி கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான்.

"வந்துட்டீங்களா அண்ணே. கடைப்பக்கம் நீங்க வராம, என்னை நானே நல்லவன்னு நினைக்க ஆரம்பிச்சுட்டேன்."

"அதான் வந்துட்டேன்," என்றார் டிரைவர். நாக்கு இன்னும் கொஞ்சம் குழறியது. ஆனால் பதில் சுடச்சுட வந்தது.

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வந்தது. அவர் உட்காரவில்லை. குண்டூசி நான்கு டயர்களை உருட்டிக்கொண்டு வந்து சுவரோரமாக நிறுத்தினான்.

"இதெல்லாம் ஒரு டீச்சரோட வண்டியில இருந்தது அண்ணே. வீட்டை விட்டா பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்தை விட்டா வீடு. அவ்வளவுதான் ஓடியிருக்கு."

"உன்கிட்ட இருக்கிற எல்லா டயரும் டீச்சர் ஓட்டினதுதான். பாடம் நடத்துறதை விட்டுட்டு டயர் மாத்துறதே டீச்சருங்களுக்கு வேலையாப் போச்சா?"

குண்டூசி வாய்விட்டுச் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் மற்றவர்களைச் சிரிக்க வைக்கிறார். வந்ததே போதும், டயர் கிடைக்காவிட்டால்கூடப் பரவாயில்லை என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது.

அவர் இடது கையால் வலது சட்டைக் கையை மடித்தார். மெதுவாகத்தான் மடிக்க முடிந்தது. அவள் உதவப் போகவில்லை. முதல் டயருக்குள் கையை விட்டார், கண்ணை மூடினார், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு சுற்றி வந்தார். "நல்லா இருக்கு," என்றார். இரண்டாவதும் நல்லா இருக்கு. மூன்றாவதற்கு வந்தார். குண்டூசி அவள் பக்கம் திரும்பி, அவருக்குத் தெரியாமல் கண்ணைச் சிமிட்டினான். அவளுக்குப் புரிந்துவிட்டது. விளையாட்டு அதில்தான் இருக்கிறது. அவன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, உதை விழப்போகிற டயருக்கு வழிவிடுவதுபோல் ஓர் அடி தள்ளி நின்றான்.

டிரைவர் கையை உள்ளே விட்டார். தலையைச் சாய்த்தார். பொறுமையாக, ஒரு விரற்கடை விடாமல், முழுச் சுற்று வந்தார்.

"இதுவும் நல்லா இருக்கு," என்றார். "உள்ள வெண்ணெயா இருக்கு. எடுத்துக்கலாம்."

குண்டூசியின் முகத்தில் இருந்த சிரிப்பு என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு போய்விட்டது.

டிரைவர் கையை உருவி, நான்காவது டயருக்குள் விட்டார். அவர் விரல் பட்ட விளிம்பில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. அவள் முதலில் அதை மை என்று நினைத்தாள். சிவப்பில் ஏது டயர் மை? குனிந்து பார்த்தாள். மூன்றாவது டயரின் விளிம்பிலும் இருந்தது, அவர் கால்சட்டையிலும் இரண்டு சொட்டு இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு நான்காவதைத் தடவிக்கொண்டிருந்தார். முகம் நிம்மதியாக இருந்தது.

அவள் மூன்றாவது டயருக்குள் தன் கையை விட்டாள். பாதிச் சுற்றுகூட ஆகவில்லை, உள்ளே அறுந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பி நுனி ஆள்காட்டி விரலில் ஏறியது. உச்சந்தலை வரை வலித்தது. "ஸ்ஸ்" என்று கையை உதறிக்கொண்டு வெளியே எடுத்தாள். விரலில் பொட்டு ரத்தம். அவளுக்கு ஒரு பொட்டு. அவருக்கு விரல் பூராவும் கிழிந்திருந்தது, முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

குண்டூசி அவளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"நான்... டீ வாங்கிட்டு வந்துடறேன் அண்ணி," என்று மெல்லச் சொல்லிவிட்டுத் தெருப்பக்கம் நடந்தான். தோற்றால்தான் அவன் டீ வாங்குவது வழக்கம். இன்றைக்கு முதல் தடவையாக ஜெயித்துவிட்டு, டீ வாங்கப் போனான்.

"கையை வெளிய எடுங்க," என்றாள்.

"இரு, இன்னும் பாதி இருக்கு."

"எடுங்கன்னா எடுங்க."

அவர் கண்ணைத் திறந்து, கையை எடுத்து, பார்த்தார். யாருடைய ரத்தம் என்று அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் முகத்தில் ஈயாடவில்லை. கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார், ஏதோ அது திருடிக்கொண்டு வந்த பொருள் மாதிரி. அவள் அதை முன்னால் இழுத்து, கைக்குட்டையால் சுற்றிக் கட்டினாள். இறுக்கித்தான் கட்டினாள். அதுவும் அவருக்குத் தெரிந்திருக்காது.

"எப்பலேருந்து?"

அவர் கட்டுப்போட்ட விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கிறேன்ல. எப்பலேருந்து உணர்ச்சி இல்ல?"

"வரவே இல்ல," என்றார். "பலம் வந்துச்சு. அது மட்டும் வரல."

"டாக்டர் ஊசியால குத்தினாரே. தெரியுது தெரியுதுன்னீங்களே."

"குத்திட்டுத்தானே தெரியுதான்னு கேக்கிறாரு. கேட்டதும் தெரியுதுன்னு சொன்னேன்."

வேறு நாளாக இருந்தால் அவளே சிரித்திருப்பாள். இப்போது அவளுக்கு வேறொன்று நெஞ்சில் வந்து நின்றது.

"டீ டம்ளர்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வாய்க்குச் சுடும். கைக்கு ஒண்ணும் தெரியாது. நீ அக்காகிட்ட அவ்வளவு சந்தோஷமா காட்டினே. அப்ப போய் என்னத்தச் சொல்றது."

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆத்திரத்துக்கு அடியில் வெட்கம் இருந்தது. அவர் உள்ளங்கை சிவந்திருந்ததை அவளே பார்த்திருக்கிறாள். பிசியோதெரபிப் பந்தைப் பிசைந்ததால் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆயிரம் விரிப்புகளுக்கு நடுவில் ஈரம் காயாத ஒன்றைத் தொட்டே கண்டுபிடிக்கிறவள், புருஷன் கையைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. அவர் எழுந்து வேலைக்குப் போனால் போதும் என்று இருந்தது. அவர் பொய் சொன்னார், அவள் ஆசையாக நம்பினாள்.

"திங்கக்கிழமை பிள்ளைங்களை ஏத்தியிருப்பீங்களே," என்றாள். குரல் உடைந்துவிட்டது. "அந்த ரெட்டைப் பிள்ளைங்களை ஏத்தியிருப்பீங்களே."

"பலம் இருக்கு இல்ல. பிடிக்க முடியுது, திருப்ப முடியுது. மத்ததைக் கண்ணால பாத்து ஓட்டிக்கலாம்னு நினைச்சேன்."

"ஸ்டீரிங் கைக்குத்தான் சொல்லும், கண்ணுக்குத் தெரியாதுன்னு எனக்குப் பாடம் எடுத்தது யாரு?"

கூரைத் தகரத்தில் காலை மழையில் மிச்சமிருந்த நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வீட்ல உக்காந்திருக்க முடியலம்மா," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அவள் அவர் தோளில் கையை வைத்தாள், இடது தோளில். அங்கே வைத்தால்தான் அவருக்குத் தெரியும் என்று கை தானாகவே அந்தப் பக்கம் போனது. இருவரும் அழுதார்கள். டயர்க் கடையில் யாரும் அழுது குண்டூசி பார்த்ததில்லை போலிருக்கிறது. மூன்று டீயை ஒரு கம்பித் தாங்கியில் வைத்துக்கொண்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று பங்க் சுவரோரமே நின்றுவிட்டான்.

முதலில் சுதாரித்துக்கொண்டவள் அவள்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனைக் கையசைத்துக் கூப்பிட்டாள். டீயை வாங்கி, டிரைவரின் இடது கையில் கொடுத்தாள். அவர் "ஆ" என்று டம்ளரை நாற்காலிக் கைப்பிடியில் வைத்தார்.

"சுடுதா?" என்றாள்.

"சுடுது."

"நல்லது. தம்பி, ரெண்டு புது டயர் எடுங்க. ரெண்டு பழசு போதும்."

"நாலும் பழசுதான்னு பேச்சு," என்றார் டிரைவர்.

"அது நீங்க ஓட்டுறதா இருந்தப்ப பேசினது. இப்ப ஓட்டப்போறது நான். எனக்குப் புது டயர் வேணும். ஞாயித்துக்கிழமை ஷிப்ட் கேட்டு வாங்கிக்கிறேன், காசு சரியாப் போயிடும்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமான புதிதில், வாங்கி வந்த புடவையை அவள் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்தபோது பார்த்த அதே பார்வை.

"பழசு ரெண்டை நீங்களே பாத்துக் குடுங்க," என்றாள். "இடது கை சும்மாதானே இருக்கு?"

"அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"கத்துக்கட்டும். நான் கத்துக்கலையா?"

இடது கைக்கு அது புதுவேலை. எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்றே தெரியாமல் தடுமாறியது. குண்டூசி குந்தி உட்கார்ந்து, டயர் நழுவாமல் பிடித்துக்கொண்டான். முதல் டயரை ஒரு தடவை சுற்றி வந்துவிட்டு, நம்பிக்கையில்லாமல் மறுபடி சுற்றினார். இரண்டாவதையும் அப்படியே. இரண்டும் தேறின. மூன்றாவதை விட்டுவிட்டு, நான்காவது டயரில் பாதி தூரம் போனதும் கை நின்றது. முன்னால் போனது, பின்னால் வந்தது, மறுபடி நின்றது.

"இதுல பழைய ஒட்டு இருக்குடா," என்றார்.

குண்டூசி டயரைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தான். உள்ளே ஒரு நாணயம் அளவுக்கு ஒட்டு இருந்தது.

"சத்தியமா இது எனக்கே தெரியாது அண்ணே," என்றான். "நான் வெச்சது மூணாவது மட்டும்தான்." சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாமோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டான். டிரைவர் காலை நீட்டி அந்த நான்காவது டயரை ஓர் உதை விட்டார். அது உருண்டு போய்ப் பழைய அடுக்கில் மோதிச் சாய்ந்தது.

புதிய இரண்டையும் முன்னால் மாட்டப் போனான் குண்டூசி. டிரைவர் தடுத்தார்.

"பின்னாடி மாட்டு."

"எல்லாரும் முன்னாடிதான் அண்ணே மாட்டச் சொல்வாங்க."

"எல்லாரும் சொல்லுவாங்க. முன்னாடி வழுக்கினா ஸ்டீரிங் சொல்லும், இவ கேட்டுக்குவா. பின்னாடி வழுக்கினா யாருக்கும் எதுவும் சொல்லாது. வண்டி சுத்தின பிறகுதான் தெரியும். நல்லது எப்பவும் பின்னாடி."

இவ கேட்டுக்குவா என்று அவர் சொன்னதை அவள் கவனித்தாள். குண்டூசி ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினான். நட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று டின் மூடியில் விழுந்தன. டிரைவர் கொஞ்ச தூரம் தள்ளிப் போய், இடது கையால் போனை எடுத்துத் தட்டுத் தடுமாறி இரட்டைப் பிள்ளைகளின் அம்மாவுடைய எண்ணை அழுத்தினார். அவள் அவர் பக்கம் திரும்பாமல் நின்றாள். ஆனால் எல்லாம் கேட்டது.

"நான்தாம்மா, டிரைவர் பேசறேன்... இல்லம்மா, திங்கக்கிழமை வரல. கை இன்னும் சரியாகல... இல்ல, அசையுது. உணர்ச்சி இல்ல. குத்தினாக்கூடத் தெரியல." கொஞ்ச நேரம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். "எப்ப வரும்னு தெரியாதும்மா. வராமலும் போகலாம். நீங்க வேனையே வெச்சுக்கோங்க. மன்னிச்சுக்கோங்க."

பிறகு போன் பிள்ளைகள் கைக்குப் போயிருக்க வேண்டும். அவர் குரல் மாறியது.

"ஜன்னல் சீட்டா? யாரு கதவை மெதுவா சாத்துறாங்களோ அவங்களுக்குத்தான்... ஆமா, வேன்லயும் அதே சட்டம்தான். நான் சொன்னேன்னு சொல்லு."

போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, தகரச் சுவரைப் பார்த்தபடி நின்றார். அவளுக்குப் போய்ப் பக்கத்தில் நிற்கலாம் என்று தோன்றியது. போகவில்லை. அந்த இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தாள்.

டயர் மாட்டி, காற்றுப் பிடித்து, நட்டுகளை இறுக்கி முடித்ததும் குண்டூசி பழைய வழக்கத்தில் சாவியை டிரைவரிடம் நீட்டினான். நீட்டிய பிறகு கை பாதியில் நின்றது. ஆனால் டிரைவர் அதை இடது கையால் வாங்கிக்கொண்டார். வாங்கி, வலது உள்ளங்கையில் வைத்து, கைக்குட்டைக் கட்டோடு விரல்களை மூடி, கண்ணையும் மூடிக்கொண்டார். குண்டூசியும் அவளும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர் கண்ணைத் திறந்தார்.

"பிசியோதெரபிகாரர்கிட்ட நானே சொல்றேன்," என்று சாவியை அவளிடம் கொடுத்தார். "இதுக்கும் ஏதாவது பயிற்சி இருக்கும்."

"இருக்கும்," என்றாள்.

காரில் ஏறினார்கள். அவர் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அவள் ஸ்டீரிங்கில் கையை வைத்தாள், லேசாக, அவர் சொல்லிக் கொடுத்தபடி.

"கொஞ்ச தூரம் மெதுவாப் போ. புது டயரு மொதல்ல வழுக்கும். ஓட ஓடத்தான் பிடிக்கும்."

"சரிங்க."

கார் பங்க்கைத் தாண்டிச் சாலையில் ஏறியது. சாலை இன்னும் ஈரமாக இருந்தது. அவர் கால் அந்தத் தேய்ந்த இடத்தை மிதிக்கவில்லை. இடது கையை மடியில் வைத்து, அதற்குமேல் கட்டுப்போட்ட கையைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"ஏம்மா," என்றார். "ஸ்டீரிங் ஏதாவது சொன்னா, எனக்கும் சொல்லு."

முதல் வளைவு வந்தது. அவள் மெதுவாகத் திருப்பினாள்.

"கனமா இருக்குங்க," என்றாள். "முன்னாடி ரெண்டும் நல்லாப் பிடிச்சிருக்கு. ரோட்ல சின்னச் சின்னக் கல்லு, அதுகூடத் தெரியுது. இப்ப ஒரு பள்ளம் வருது, லேசா இடது பக்கம் இழுக்குது."

அவர் கண்ணை மூடி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு வந்தார். வீடு வரைக்கும் அவள் சொல்லிக்கொண்டே ஓட்டினாள்.